இருப்புக்கொள்ளாத என் மகளும் நானும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் மகள் ரூபியை வைத்து ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

போர்க்காலம். நாங்கள் உப்புவெளியில் இருந்தோம். கப்பல் வேலைக்குப் போன கணவரிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம் வரும். ரூபிக்கு எட்டு வயது. ஓரிடத்தில் இருக்கமாட்டாள். வகுப்பில் பாதிக் கணக்கோடு எழுந்து யன்னலடிக்குப் போய்விடுவாள். கொப்பி, பென்சில், செருப்பு எல்லாம் தொலையும். "பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்" என்றார்கள் சொந்தக்காரர். ஜெபக்கூட்டத்தில் எங்களை யாரும் துரத்தவில்லை. பக்கத்தில் வந்து இருக்கவும் இல்லை. நான் அவளை அடித்தேன். பிறகு குசினிக்குள் அடுப்படியில் நின்று தனியே அழுதேன். "ஆண்டவரே, இவளை அடக்கும்" என்பதே என் ஜெபம்.

ஒரு காலை, பட்டணத்துக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் அடையாள அட்டை இல்லை. வீட்டில் மறந்துவிட்டேன். நான் பையைக் கிளறும்போது ரூபி கையை உதறிவிட்டு, முட்கம்பிக்கு அப்பால் நின்ற நாய்க்குட்டியை நோக்கி ஓடினாள். சிப்பாய் ஒருவன் கத்திக்கொண்டு துப்பாக்கியை உயர்த்தினான். என் வாயில் "இயேசுவே" என்ற ஒரு சொல்தான் வந்தது.

வரிசையில் நின்ற முஸ்லிம் பெண் ஒருவர் பாய்ந்து போய் ரூபியை அணைத்துக்கொண்டார். சிங்களத்தில் கெஞ்சினார். துப்பாக்கி தாழ்ந்தது. அட்டை இல்லாததற்கு என்னை ஏசிவிட்டுப் போகவிட்டார்கள்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். முதல்நாள் நிலாவெளியில் துணி விற்றுவிட்டுக் கிண்ணியாவுக்குத் திரும்புகிறவர்.

"இவ குழப்படிக்காரி இல்ல தங்கச்சி. என்ட தம்பிட மகனும் இப்பிடித்தான். நீங்க வளத்ததில பிழையில்ல. ஆஸ்பத்திரிக்கு மாசத்தில ஒருக்கா இதுக்கெண்டு ஒரு டொக்டர் வாறார். காட்டுங்க."

"நான் இவளுக்கு நல்லா அடிச்சுப்போட்டன், அக்கா."

"இனி அடிக்காதீங்க."

அந்த டொக்டர் வெகுநேரம் விசாரித்தார். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஒரு நிலை என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சின்னனில எப்பிடி இருந்தனீங்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கரியவிட்ட சட்டிகள், பாதியில் விட்ட படிப்பு. சோம்பேறி என்று என்னை நானே வெறுத்த வருடங்கள்! பெரியவர்களுக்கும் இது இருக்கும் என்றார் டொக்டர்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லப் பழகினேன். செய்தவுடன் பாராட்டினேன். ஆசிரியை அவளை முன்வரிசையில் இருத்தி, கரும்பலகை துடைக்கவிட்டார். மருந்தும் உதவியது; போரால் பாதை மூடிய மாதங்களில் அது கிடைக்கவில்லை. என் அடையாள அட்டையை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டேன்.

ரூபி முழுதாக அடங்கிவிடவில்லை. என் தனிமையும் ஒரே நாளில் போகவில்லை. ஆனால் "இவளை அடக்கும்" என்று நான் பிறகு ஜெபிக்கவில்லை. "இவளை விளங்கிக்கொள்ள உதவும்" என்றே கேட்டேன். இன்று அவள் தன் பிழைப்பைத் தானே பார்க்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஜெபியுங்கள், டொக்டரிடமும் போங்கள். ஆண்டவர் யாரை அனுப்புவார் என்று நாம் தீர்மானிக்க ஏலாது. அன்று அந்த அக்காவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கிண்ணியாப் படகுத்துறையில் எத்தனையோ தரம் தேடினேன், காணவில்லை. பெயர் தெரியாமலே இன்றும் அவருக்காக ஜெபிக்கிறேன்.