பேரிடர்ப் பயிற்சியில் மீந்த பிரியாணி

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர முதலில் ஒரு குத்துவிளக்கு வேண்டியிருக்கிறது. அப்புறம் சால்வை. யாரென்றே தெரியாத ஒருவருக்குப் பூங்கொத்து கொடுக்க வேண்டும், அவர் அதை அடுத்த நிமிஷமே நாற்காலிக்கு அடியில் தள்ள வேண்டும். ‘கிராமப்புற சுகாதாரப் பணியாளர்களுக்கான அவசரகால ஆயத்தப் பயிற்சி’ என்று மேடையில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் வெள்ளத்தின் படம் சின்னதாக ஓர் ஓரத்தில் இருந்தது. பயிற்சியை நடத்திய அதிகாரியின் படம்தான் ஆளுயரத்துக்கு.

நான் குன்றத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். வீடு இரும்புலியூரில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவளுக்குப் பயிற்சி தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் நிதானமாகக் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் பாவம், இருட்டோடு எழுந்து, ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் மாட்டி, புடவை கசங்கி வந்து சேர்ந்தார்கள்.

முதல் நாள் வெள்ளமும் தீ விபத்தும். மேடைக்குக் கீழே ஒரு நீள மேஜையில் அவசரகாலப் பொருட்களை அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். டீ இடைவேளையில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காலி உறை. பக்கத்திலிருந்த மருந்துப் பெட்டிகளைக் குலுக்கினேன், அவையும் காலி. “டிஸ்ப்ளேக்குத்தானே மேடம்” என்று அங்கே நின்றவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஃபுட் பாய்சன் பற்றிய வகுப்பு. அதை எடுத்தது பேனரில் இருந்த அதே அதிகாரி. மனிதர் நன்றாகப் பேசுவார், அதை இல்லை என்று சொல்ல முடியாது. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் நடுவே நடந்துகொண்டே சொன்னார்: “ஒரே இடத்துல சாப்பிட்ட ரெண்டு பேருக்கு வாந்தின்னா மூணாவது ஆளுக்காகக் காத்திருக்காதீங்க. மீந்த சாப்பாட்டுல கொஞ்சம் எடுத்து பத்திரப்படுத்துங்க. அதே சாப்பாடு வேற யார் வீட்டுக்குப் போயிருக்குன்னு விசாரிங்க. அவங்க வாயில வைக்கிறதுக்குள்ள நீங்க அங்க போய் நிக்கணும்.” எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

அவர் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பிரியாணி அண்டாக்களை இறக்கும் சத்தம் கேட்டது. மார்ச் மாதத்து வெயில். தகரத்துக்குக் கீழே நின்றால் மனுஷனே வெந்துவிடுவான். சிறப்பு விருந்தினர் வந்து பேசிய பிறகுதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள். அவர் வந்து, பேசி, பேசியதையே மறுபடி பேசி முடிப்பதற்குள் எங்களுக்குப் பசியில் காது அடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவரும் அதிகாரியும் கூட வந்தவர்களும் மணமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு ஓட்டலிலிருந்து சுடச்சுடப் பார்சல் வந்திருந்தது. எங்களுக்கு அண்டா.

எனக்கு அது லெந்து காலம். ஈஸ்டர் வரைக்கும் கறி தொடுவதில்லை. தயிர்ச்சோறும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் சிநேகிதி ஒருத்தி, மறைமலை நகருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செவிலியர், எதிரில் பிரியாணியோடு உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் மூக்கைச் சுளித்தாள். “லேசா புளிச்ச வாடை வருதுப்பா. எனக்கு மட்டும்தானா?” அவளுக்கு மட்டும் இல்லை. பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து போய் மண்டப மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் மணமகள் அறைக்குள் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு வந்தார். “அது தயிர் பச்சடி வாசனையாம். சார் சொல்லிட்டாரு.” சார் சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? பசியும் சேர்ந்துகொண்டது, சாப்பிட்டார்கள்.

சாயங்கால வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. என் சிநேகிதிக்கு எழுந்திருக்கக்கூட நேரம் இல்லை, பயிற்சிக்குக் கொடுத்த துணிப்பைக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். கழிவறை வாசலில் வரிசை நின்றது. உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை. சுகாதாரத்தைப் பற்றி இரண்டு நாளாகப் பாடம் கேட்ட கூட்டம், கால் வைக்க முடியாத ஒரு தரையில் செருப்பை நனைத்துக்கொண்டு நின்றது. 

நல்லவேளை, அது நர்ஸுகள் நிறைந்த கூட்டம். சாப்பிடாத நாங்கள் நாலைந்து பேர் கேன் தண்ணீரில் சமையல்கட்டு உப்பையும் சர்க்கரையும் கலக்கி டம்ளர் டம்ளராகக் கொடுத்தோம். கைப்பையில் நிஜ ஓஆர்எஸ் வைத்திருந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். உதவி செய்யத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன்.

“யாரும் வெளியில போன் பண்ணாதீங்க. வெயில்ல வந்தது, சிலருக்கு கேஸ் ட்ரபிள். சர்ட்டிபிகேட் குடுத்து சீக்கிரம் அனுப்பிடலாம்” என்றார். சொன்னபடியே மேடையில் பெயர் படிக்க ஆரம்பித்தார்கள். நிற்க முடிந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துக் குரூப் போட்டோ எடுத்தார்கள். நடுவில் அவர், சால்வையோடு. பின்னால் கழிவறைப் பக்கமிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. போட்டோவில் சத்தம் விழாது என்கிற தைரியம்.

கை கொஞ்சம் ஓய்ந்ததும் நான் சமையல் கொட்டகைக்கு ஓடினேன். கொஞ்சம் பிரியாணியை என் டிபன் டப்பாவிலாவது எடுத்து வைத்துவிட வேண்டும் என்று. அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பளபளவென்று கழுவி, பிளீச்சிங் பவுடர் வேறு போட்டிருந்தார்கள். “சார்தான் உடனே கழுவச் சொன்னாரு” என்றார் மேனேஜர். மீந்தது எங்கே என்று கேட்டேன். அவர் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார்.

பதில் என் போனிலேயே இருந்தது. பயிற்சிக்காக ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில், சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு ஒரு படம் போட்டிருந்தார்கள். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கு அதிகாரி சிரித்தபடி இரண்டு பெரிய கேரி பேக்குகளைக் கொடுக்கிறார். ‘உணவை வீணாக்காமல் ஏழைக்கு வழங்கிய தருணம்.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புளித்த வாடை அடிக்கிறது என்று தெரிந்த பிறகு கொடுத்தது அது.

மண்டபத்துக்குள் ஓடி, போனை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். “சார், இந்தம்மா வீட்டுக்கு உடனே சொல்லணும். நம்பர் வாங்கிக் குடுங்க, நான் பேசுறேன்.”

“ஏம்மா, இருக்கிற தலைவலி போதாதா?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, “அவங்க வயிறெல்லாம் கல்லைத் தின்னாலும் செரிச்சிடும். நீங்க கவலைப்படாதீங்க” என்றார்.

எத்தனையோ சீழையும் புண்ணையும் கழுவிய கை என்னுடையது. பிரசவ வார்டில் என் மேல் படாத அசிங்கம் இல்லை. எதற்கும் முகம் சுளித்ததில்லை. அந்த நிமிஷம் அந்த மனிதர் மூச்சு படும் தூரத்தில் நிற்கவே எனக்குக் கூசியது.

மேனேஜரிடம் போனேன். “கான்ட்ராக்ட் ஆளுங்க மேடம். நம்பர், அட்ரஸ் எதுவும் நம்மகிட்ட இல்லை” என்று என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் படத்தைக் காட்டினேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “இந்தக்காவா? இரும்புலியூர் ஏரியாண்ட கீது மேடம் வூடு. தண்ணி டேங்க்குக்குப் பின்னால, நீலக் கதவு. இன்னா மேடம், எதுனா பிரச்சினையா?” என் சிநேகிதியை இன்னொரு செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். என் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்த வீடு. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. வேலை விட்டு வரும் கூட்டம். ஆட்டோக்காரர் சந்தில் புகுந்து, எதிர்ப்பக்கமாக ஏறி, என்னென்னவோ செய்து பார்த்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் சாப்பிட்டிருக்கக் கூடாது, ராத்திரிக்கு என்று எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நீலக் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்த அதே சேலை. மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும், துவண்டு கிடந்தது. உள்ளே மூத்தவள் வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சின்னவளின் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. கண் உள்ளே போயிருந்தது. நான் யார் என்று சொல்லக்கூட நேரமில்லை. ஆட்டோவை நிறுத்தித்தான் வைத்திருந்தேன், மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். வழியெல்லாம் மூத்தவள் என் மடியில் வாந்தி எடுத்தாள்.

அவசர சிகிச்சையில் இருந்த டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் சுறுசுறுப்பு. சின்னவளின் நரம்பு கிடைக்காமல் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தேடினோம். கடைசியில் காலில் கிடைத்தது. டிரிப் ஏற ஆரம்பித்ததும் டாக்டர் தாயிடம் கேட்டார், “என்ன சாப்பிட்டாங்க?”

“வூட்ல ஆக்குன மீன் கொழம்பு” என்றாள்.

 “இல்லை டாக்டர், மண்டபத்துல குடுத்த பிரியாணி. அங்கேயும் நிறைய பேருக்கு வாந்தி” என்றேன். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். “இல்ல டாக்டர், மீன் கொழம்புதான். மண்டபத்துல நான் ஒண்ணும் வாங்கல. சத்தியமா வாங்கல.” டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த படுக்கையிலிருந்து கூப்பிடவும் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நாடி பிடித்துப் பார்த்தேன், இப்போது கைக்குத் தெளிவாகத் தட்டியது. மூத்தவள் பக்கத்துக் கட்டிலில் தூங்கிவிட்டாள். அவள் அம்மாவை வராந்தா பெஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். 

“ஏம்மா பொய் சொன்னே?” என்றேன்.

“என் வேலை பூடும் மேடம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ யாராண்டயும் சொல்லாத மேடம். நாலு மணிக்கே மேனேஜரு போன் பண்ணாரு. யார் வந்து கேட்டாலும் மண்டபத்துல இருந்து எதுவும் எடுத்துனு போலன்னு சொல்லணும், இல்லாங்காட்டி நாளைக்கு வேலைக்கு வராதன்னாரு.”

நம்பரே இல்லை என்று சொன்ன மேனேஜர். கையில் போனை வைத்துக்கொண்டு சொன்ன மேனேஜர். யார் சொல்லி அவர் கூப்பிட்டிருப்பார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அப்போதுதான் அதைக் கேட்கத் தோன்றியது. ஏன் கேட்டோம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“அவர் கூப்பிட்டப்போ பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?”

“இல்ல மேடம். அவங்கப்பா வந்தப்புறம் எல்லாம் ஒண்ணா துன்லாம்னு மூடி வெச்சிருந்தேன்.”

“சாப்பிடாதேன்னு அவர் சொல்லலையா?”

“அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. எடுத்துனு போலன்னு சொல்லு, அவ்ளோதான் சொன்னாரு.” மூக்கை முந்தானையில் துடைத்தாள். “நான் இன்னா நெனச்சேன்னா, குடுத்ததைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பப் போறாங்கன்னு நெனச்சேன். பசங்க எத்தினி நாளா பிரியாணி கேட்டுகினு இருந்துச்சுங்க. பூடப் போவுதேன்னு ரெண்டையும் இஸ்துனு வந்து உக்கார வெச்சேன். பெர்சு அப்பா வரட்டும்னுச்சு. சின்னது போதும் போதும்னுச்சு. நான்தான் மேடம் வுடாம ஊட்டினேன்.”