நைனா பூசிய கூரை

அண்ணனின் கேரவன் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் பேருந்தில் ராயபுரம் பாலத்தைக் கடக்கும்போது கீழே அது நிற்பதைப் பார்த்தேன். ஏதோ படப்பிடிப்பு. பாலத்திலிருந்து பார்த்தால் கூரை முழுதும் தெரியும். நடுவில் ஏசி பெட்டி. அதைச் சுற்றி மற்ற இடத்தோடு நிறம் சேராத புதுத் தகரம். தரையில் நிற்பவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அலுவலகம் போய்ச் சேரும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு ஒரே தொழில்தான். நைனாவின் பைபர் படகில் அண்ணன் சிறுவயதிலிருந்து ஏறினான். மீன் குறைந்து, வலையில் சேறும் பிளாஸ்டிக்கும் ஏறத் தொடங்கிய பிறகு ஒருநாள் கரையிலேயே நின்றுவிட்டான். சில காலம் வேறொருவரின் வேன் ஓட்டினான். பிறகு கடன் வாங்கி ஒரு பழைய கேரவனை ஓட்டிவந்தான். நடிகர்கள் உடை மாற்றவும் ஓய்வெடுக்கவும் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகும் வண்டி. உள்ளே ஒரு படுக்கை, விளக்கு வைத்த கண்ணாடி, சின்னக் கழிப்பறை, கூரைமேல் ஏசி. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று குப்பமே வந்து பார்த்தது. நைனா வரவில்லை. மகன் படகை விட்டதை அவர் மன்னிக்கவே இல்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு என் வழியாகத்தான். ஒரே அறையில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்வார்: “அவனாண்ட சொல்லு, வலை இழுக்க ஆளு வச்சிகினேன்னு.” அண்ணன் தட்டைப் பார்த்தபடி, “நான் கேட்டனான்னு சொல்லு” என்பான். அம்மா இந்தத் தூது வேலையிலிருந்து ஆரம்பத்திலேயே கை கழுவிவிட்டாள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவள் நான். பொறியியல் முடித்து துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கடைக்கு எல்லாம் நான்தான். படித்தவள் என்பதால் இந்தப் பேச்சும் என் தலையில் விழுந்தது.

ஐப்பசி மழையில் கேரவன் ஒழுகியது. ஏசிக்கு நேர் கீழே படுக்கை. அதில் விரித்து வைத்திருந்த யாரோ ஒரு நடிகையின் பட்டுப்புடவை நனைந்துவிட்டது. படக்கம்பெனி மேனேஜர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். அடுத்து துறைமுகத்துப் பக்கம் பெரிய படப்பிடிப்பு இருந்தது. அதற்குள் சரிசெய்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேறு வண்டி என்று சொல்லிவிட்டார். அதை விட்டால் மழைக்காலம் முழுக்க வண்டி சும்மா நிற்கும்.

அண்ணன் ஏசியின் ஓரமெல்லாம் சிலிக்கான் பசையைப் பிதுக்கித் தடவினான். நான் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க, அவன் மேலே ஏறி வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். சொட்டியது. பசையைச் சுரண்டி மறுபடி தடவினான். மறுபடியும் சொட்டியது.

நைனா கொஞ்ச தூரத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமே பார்க்காத மாதிரிதான் இருந்தது. திடீரென்று எழுந்து வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ரெசின் பிசின் டப்பா, கண்ணாடி இழைத் துணியான பைபர் மேட்டுச் சுருள், பிரஷ். படகில் ஓட்டை விழுந்தால் நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. நைனா தன் படகை மட்டுமல்ல, குப்பத்தில் பாதிப் படகுகளையும் ஒட்டியவர். ஏணியில் ஏறி, அண்ணனைப் பார்த்து நேராகவே கேட்டார்.

“படகு ஓட்டையானா இந்தக் கோந்தத் தடவிகினு கடலுக்குப் போவியா?”

அண்ணன் பசைக் குழாயைக் கீழே வைத்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டான்.

அந்த மதியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மழை விட்டு வெயில் அடித்தது. நைனா பழைய பசையைச் சுரண்டிவிட்டு, உப்புத்தாளால் கூரையின் பெயிண்டைத் தேய்த்தார். அண்ணன் ரெசினை இறுக்கும் ஹார்ட்னரை அளந்து கலக்கிக் கொடுத்தான். சின்ன வயதில் படகில் செய்த வேலைதான், கை மறக்கவில்லை. “ஜாஸ்தி ஊத்தாத, வெயிலு கீது, பட்டுனு எறுகிடும்” என்றார் நைனா. “தெரியும் நைனா” என்றான் இவன். நான் கீழே நின்று மேட்டைக் கத்தரித்துக் கொடுத்தேன். என் வழியாக இருவருமே எதையும் சொல்லியனுப்பவில்லை. கைகளில் இழைத்தூள் ஒட்டி அரித்தாலும் எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

ஒருமுறை மேட்டைக் கொடுக்க ஏணியில் ஏறினேன். ஏசியின் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே, விளிம்பில் ஆங்காங்கே சின்ன இடைவெளிகள் தெரிந்தன. வேண்டுமென்றே விட்ட மாதிரி இருந்தன. இதை எதற்கு விட்டிருக்கிறார்கள் என்று நைனாவிடம் கேட்டேன். ஓட்டை என்றால் அடைக்கத்தானே என்றார். அண்ணன் சிரித்தான், எஞ்சினியரு கேள்வி கேட்டுகினே கீது, வேலையப் பாரு நைனா என்றான். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன். அவர்கள் சேர்ந்து கிண்டல் செய்கிறார்கள் என்பதே அப்போது எனக்குப் போதுமாக இருந்தது.

சுற்றிலும் படகின் அடிப்பாகம் மாதிரி வழவழவென்று பூசி முடித்தார். இது கடலையே தாங்கும் என்றார். மறுநாள் மழை பிடித்தது. மூன்று பேரும் கேரவனுக்குள் போனோம். நைனா அந்த வண்டிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டார். கண்ணாடியைச் சுற்றி இருந்த விளக்குகளை அண்ணன் போட்டுக் காட்டினான். நைனா அதில் தன் முகத்தைப் பார்த்து, தாடியைத் தடவிக்கொண்டு, “ஈரோ கணக்கா கீறேன்” என்றார். கூரையில் மழை பலமாக அடித்தது. ஒரு சொட்டு இல்லை. ஏசியைப் போடுடா, குளிர்ச்சியா ஒக்காரலாம் என்றார். போட்டான். நைனா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

குளிர் ஏறிய பிறகு, உள்ளே ஏசி காற்று வரும் கம்பித்தட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது. நைனாவின் தோளிலும் படுக்கையிலும்.

பிறகு டோல்கேட் பகுதியிலிருந்து வந்த ஏசி மெக்கானிக் விளக்கினார். கூரை ஏசியின் மூடிக்குள் மழை விழத்தான் செய்யும். குளிரில் அதற்குள்ளேயும் தண்ணீர் ஊறும். இரண்டும் அந்த இடைவெளிகள் வழியாகக் கூரைமேல் வழிந்து ஓடிவிடும். கூரைக்கும் ஏசிக்கும் நடுவே உள்ள ரப்பர் நுரைப்பட்டைதான் வண்டிக்குள் வராமல் காக்கும். எங்கள் வண்டியில் அந்தப் பட்டை நசுங்கியிருந்தது. அதை மாற்றி, உள்ளேயிருந்து நாலு போல்ட்டையும் ஒரே அளவாக முடுக்கியிருந்தால் முடிந்திருக்கும். நைனா வழியை அடைத்ததால் தண்ணீர் தேங்கி, பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. இனி பைபரை அறுக்காமல் ஏசியைத் தூக்கவே முடியாது.

ஆனால் இதெல்லாம் தெரிவதற்கு முன்பே அண்ணன் பேசிவிட்டான். நனைந்த படுக்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“இது படகு இல்ல நைனா. உன்ன யாரு மேல ஏறச் சொன்னது?”

நைனா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அண்ணனிடம் இல்லை, என்னிடம் சொன்னார். “வர்ற தண்ணிய அடைச்சேன். உள்ளயே பொறக்குற தண்ணி எனக்கு இன்னா தெரியும்?” மழையில் நனைந்தே வீட்டுக்குப் போனார்.

மெக்கானிக் கட்டரால் அறுத்தபோது கடலையே தாங்கும் என்ற பூச்சு விடவில்லை. கூரைத் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. சத்தம் குப்பம் முழுக்கக் கேட்டது. நைனா வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஏசியைத் தூக்கியபின் பார்த்தால், சுற்றிலும் கிழிந்த பெரிய ஓட்டை. இதற்குப் பைபர்தான் சரியான வைத்தியம், கூரையை ஒட்டிவிட்டு, ஏசியின் விளிம்பை மட்டும் அடைக்காமல் விட்டால் போதும், படகுக்காரர்கள் நன்றாகச் செய்வார்கள் என்றார் மெக்கானிக்.

அதை நான் நைனாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். காலையில் காசிமேட்டுக்குப் போய்ப் புது மேட்டும் ரெசினும் வாங்கி வந்தார். நான் வேலையிலிருந்து வரும்போது வாசலில் சுருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி அங்கே இல்லை. அண்ணன் அதைத் தார்ப்பாய் போட்டுக் கட்டி டோல்கேட்டில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போயிருந்தான்.

போனில் கேட்டேன். படப்பிடிப்பு நெருங்கிவிட்டது, தகரம் வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றான். நைனா காத்திருக்கிறார் என்றேன். பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. “எந்த மூஞ்சிய வச்சிகினு மறுபடியும் அவர ஏறச் சொல்றது, பாப்பா?” என்றான். கோபமில்லை அவனுக்கு. நான் அதை நைனாவிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை ஏதாவது நடந்திருக்கும். பட்டறையில் வேலை தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் அவரிடம் எனக்குச் சொல்ல வந்தது. மேட்டுச் சுருளைப் பரணில் போட்டார்.

வண்டி திரும்பி வந்தது, படப்பிடிப்புக்கும் போனது. பேச்சு பழையபடி என் வழிக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு என்னைக் கேட்கிறார்: “அவனாண்ட கேளு, ஒழுவுதான்னு.” நான் கேட்கிறேன். இல்லை என்கிறான். வந்து இல்லை என்று சொல்கிறேன். தலையாட்டிவிட்டுப் பரணை ஒருமுறை பார்க்கிறார். பட்டறைக்காரர்கள் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.