கரியாலூர் வளைவில் மணி கேட்டவள்

பேய்க் கதை சொல்ல யாராவது வாயெடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். மலையில் அந்த மரத்தில் அது இருக்கிறது, இந்த ஓடையில் இது குளிக்கிறது என்று எங்கள் பக்கத்தில் நிறையச் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த வழியெல்லாம் சைக்கிளில் போய்வருகிறேன், ஒரு காட்டுப்பன்றியைத் தவிர வேறு எதுவும் என்னைத் துரத்தியதில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைச் சைக்கிளில் சுற்றிக் காட்டுவதுதான் என் தொழில். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வருவார்கள். முதல் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி நெல் வயல், கரும்புக் கொல்லை, சின்னச் சின்ன ஊர்கள் என்று பார்த்துக்கொண்டே கச்சிராயபாளையம் வந்துவிடுவோம். ராத்திரி அங்கே அணைக்குப் பக்கத்தில் தங்கல். மறுநாள் காலையில் கல்வராயன் மலை ஏறி கரியாலூர். இதில் ஒரே ஒரு விதிதான். வழி தெரிந்த ஒருவர் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும், இன்னொருவர் எல்லாருக்கும் கடைசியில் வர வேண்டும். கடைசியில் வருகிறவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. முன்னால் போவது நான். கடைசியில் வருவது என் மனைவி தனம்.

தனம் கச்சிராயபாளையத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பழகியவள், மலை ஏறுவதில் என்னைவிடக் கெட்டி. சுடிதாருக்கு மேலே என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களோடு பேசிக்கொண்டே வருவாள். "இன்னா இது, இந்த ஒரு வளைவுதான், தாண்டுனா டீக்கடை" என்பாள். டீக்கடைக்கு இன்னும் ஆறு வளைவு இருக்கும். மேலே வந்ததும் எல்லாரும் அவளைத் திட்டுவார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை நாங்கள் இரண்டு பேரும் இந்தச் சைக்கிள்களின் மேல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் ஏழு பேரோடு மலை ஏறிக்கொண்டிருந்தோம். அதில் ஓர் ஓய்வுபெற்ற என்ஜினியர் இருந்தார், நன்றாக மிதிப்பார், என் பக்கத்திலேயே வந்தார். அவர் அதற்கு முந்தின வருஷம் ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்குப் போய் இதே மாதிரி சைக்கிளில் சுற்றியிருக்கிறார். செம்மண் ரோடாம், இரண்டு பக்கமும் மக்காச்சோளமாம், ஊருக்கு ஊர் பிள்ளைகள் ஓடிவந்து கை கொடுக்குமாம், ஒரு திருப்பத்தில் பத்து ஒட்டகச்சிவிங்கி ரோட்டைத் தாண்டுவதற்காக இவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். "அங்கயும் இப்படித்தான், முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்" என்றார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை. ஒன்றுவிடாமல் கேட்டேன், தண்ணீர் எங்கே பிடிப்பார்கள், மிருகம் வந்தால் என்ன செய்வார்கள் என்று. மேலே போனதும் தனத்திடம் சொல்ல வேண்டும், எப்படியாவது ஒரு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு திட்டமே போட்டுவிட்டேன்.

அந்த நேரம் முழுக்க நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீக்கடைக்கு வந்து, எல்லாரும் வந்து சேர்ந்து, டீ குடித்து, இரண்டாவது டீயும் குடித்தாகிவிட்டது. கடைசியாக வந்த அம்மாவிடம் கேட்டதற்கு, "நீங்க போய்க்கிட்டே இருங்க, நான் செருப்பு வார மாட்டிட்டு வந்துடறேன்னு சொன்னாங்க" என்றார். தனத்துக்கென்ன, வந்துவிடுவாள் என்று நான் இன்னும் கொஞ்சம் ஆப்பிரிக்கா கேட்டேன். பிறகு ஏதோ ஒன்று உறுத்தவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஐந்தாவது வளைவில், ரோட்டோரக் கட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்தாள். முகம் மேலே போகிற ரோட்டைப் பார்த்து இருந்தது. கை சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். உயிர் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், எவ்வளவு நேரம் அங்கே தனியாக உட்கார்ந்திருந்திருப்பாள் என்று கேட்டேன். பத்து நிமிஷமும் இருக்கலாம், முக்கால் மணி நேரமும் இருக்கலாம், அதையெல்லாம் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்றார் அவர். நல்ல மனுஷர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. பத்து நிமிஷமா, முக்கால் மணியா. செல்போனில் சிக்னல் கிடைக்காத இடம் அது. கூப்பிட்டுப் பார்த்தாளா? குரல் கொடுத்தாளா? நான் மேலே உட்கார்ந்து ஒட்டகச்சிவிங்கி எத்தனை அடி உயரம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நான் சைக்கிளைத் தொடவில்லை. தனத்தின் தம்பி முருகேசன்தான் விடாமல் வந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, இப்டியே வூட்ல கெடந்தா நீயும் போய்டுவ. வா, நான் பின்னால வரேன்" என்று இழுத்தான். அவன் சைக்கிள் மெக்கானிக், நாற்பது வயசு, நிதானமான ஆள். கார்த்திகையில் எட்டுப் பேர் வருவதாக ஒத்துக்கொண்டோம். வருகிறவர்களிடம் தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவனிடமும் சொன்னேன், டீக்கடைக்காரரிடமும் ஆள் அனுப்பிச் சொன்னேன். ஓர் ஆள் செத்த ரோடு என்று தெரிந்தால் யார் சந்தோஷமாக மிதிப்பார்கள்? இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

காலையில் அணையிலிருந்து கிளம்பும்போது வெயில் அடித்தது. நாலு வளைவு ஏறுவதற்குள் பனி இறங்கிவிட்டது, முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி கட்டின மாதிரி. நான் நொடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம், எனக்கு அடுத்து வந்தவரே பாதிதான் தெரிந்தார். அந்த வளைவு வந்தபோது நான் கட்டைச் சுவரின் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எதிர்ப்பக்கம் சாமைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிட்டேன்.

டீக்கடையில் இறங்கி எண்ணினேன். ஆறு பேர். முருகேசனும் இன்னும் இரண்டு பேரும் வரவில்லை. மற்றவர்களை உட்காரச் சொல்லிவிட்டு உடனே கீழே விட்டேன், பிரேக்கைப் பிடித்தேனா என்றுகூட ஞாபகமில்லை.

இரண்டு வளைவு இறங்கியதும் ஒரு பெண் ஏறி வந்தாள். நித்யா, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. காலையிலிருந்தே எல்லாருக்கும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, நான் ஏறிட்டேன்! டீக்கடை வந்துடுச்சா?"

"முருகேசன் எங்கம்மா?"

"அவர் கீழ இருக்கார். அந்த அங்கிளோட சைக்கிள் பஞ்சர். ஒட்டிட்டு வரேன், நீ மெதுவா போய்க்கினு இருன்னு என்னை அனுப்பிட்டார். நல்லவேளை அந்த அக்கா வந்தாங்க, இல்லன்னா நான் உக்காந்து அழுதிருப்பேன்."

"எந்த அக்கா?"

"உங்ககூட வர்ற அக்காதான் அண்ணா. பின்னாடி வர்றவங்க. சுடிதார் மேல ஆம்பளை சட்டை போட்டுக்கிட்டு…"

அவள் பேசிக்கொண்டே போனாள். பனியில் தனியாக மிதிக்கப் பயந்து இறங்கி நின்றாளாம். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதாம், "இன்னா நின்னுட்ட? இந்த ஒரு வளைவுதான், தாண்டுனா டீக்கடை" என்று. அப்புறம் அந்த அக்கா கூடவே வந்து, ஊர் எது, வேலை எது, இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு, இவள் பயந்ததே மறந்துபோகும்படி பேசினார்களாம்.

"ஆனா அவங்க சொன்னது பொய் அண்ணா, எத்தனை வளைவு!" என்று சிரித்தாள் நித்யா.

எங்கே அந்த அக்கா என்று எப்படியோ கேட்டேன்.

"ஒரு சின்னச் சுவர் இருந்துச்சே, அங்க நின்னுட்டாங்க. கொஞ்சம் முடியல, குந்திக்கினு வரேன், நீ போம்மான்னாங்க. நானும் இருக்கேன்னு சொன்னேன். கேக்கல. வூட்டுக்காரரு வருவாரு, நீ போன்னு அனுப்பிட்டாங்க."

நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை. இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டேன், பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்தப் பெண்ணை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, மூன்று வளைவும் பைத்தியக்காரன் மாதிரி இறங்கினேன். சைக்கிளை எங்கே போட்டேன் என்று தெரியாது. கட்டைச் சுவர் ஈரமாக இருந்தது. யாரும் இல்லை. "தனம், வந்துட்டேன். தனம், நான் வந்துட்டேன்" என்று கத்தினேன். சாமைக் கொல்லைக்குள் இறங்கிக் கத்தினேன். பனியில் என் குரல் நாலு அடி தாண்டவில்லை.

கீழேயிருந்து முருகேசனும் பஞ்சரான மனுஷரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "வழில யாரையாச்சும் பாத்தியா?" என்று கேட்டேன். "யாரும் இல்லியே மாமா" என்றவன் என் முகத்தைப் பார்த்தான், அந்தச் சுவரைப் பார்த்தான். அவனுக்கு அது என்ன இடம் என்று தெரியும். சைக்கிளைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "வா மாமா, அக்கா இல்ல மாமா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பாவம் அந்த மனுஷர், ஒன்றும் புரியாமல் எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். மலையில் கொல்லை வேலைக்குப் போகிற பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஆண் சட்டைதான் போட்டிருப்பார்கள். அவர்களில் யாராவது சைக்கிளில் வந்திருக்கலாம், கொல்லை வழியாக இறங்கிப் போயிருக்கலாம். அடுத்த வாரம் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் விசாரித்தேன், அன்றைக்கு அந்த ரோட்டில் யாராவது சைக்கிளில் வந்தீர்களா என்று. யாரும் வந்ததாகச் சொல்லவில்லை. வீட்டில் தனத்தின் சைக்கிளையும் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது போட்ட இடத்திலேயே தூசி படிந்து, இரண்டு டயரிலும் காற்றில்லாமல் கிடந்தது.

நித்யாவிடம் தனத்தின் போட்டோவைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஆமாம் என்றாலும் தாங்க மாட்டேன், இல்லை என்றாலும் தாங்க மாட்டேன்.

அன்று முதல் வாரத்துக்கு ஒரு நாள் அந்த வளைவுக்குப் போகிறேன். பனி இறங்குகிற நாளாகப் பார்த்துப் போகிறேன். அந்தச் சுவரில் உட்கார்ந்து பேசுவேன். ஆப்பிரிக்கா கதை எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு தடவையாவது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வராதா என்று காத்திருக்கிறேன். முன்பின் தெரியாத பெண்ணுக்கு வந்தவள் எனக்கு வரவில்லை. அதுவும் நியாயம்தானே, அவள் வேலை பின்தங்கினவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது. நான் முன்னால் போய்விட்டவன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நித்யா போன் செய்தாள். யார் மூலமாகவோ விஷயம் தெரிந்துவிட்டிருக்கிறது. ரொம்ப நேரம் பேச முடியாமல் அழுதாள். பிறகு, "அண்ணா, ஒண்ணு சொல்லல அப்போ. பெருசா தோணல. அந்த அக்கா சுவத்துல உக்காந்ததும் என்கிட்ட மணி கேட்டாங்க" என்றாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"வாட்ச பாத்து, பத்தேகால் அக்கான்னேன். அவங்களுக்கு ஆச்சரியமா போச்சு. 'அவ்ளோதான் ஆவுதா? அப்ப இன்னும் நேரமாவல. இப்பதான குந்துனேன்'னு சொல்லிட்டு, மேல ரோட்ட பாத்துக்கிட்டு உக்காந்துட்டாங்க."

பத்து நிமிஷமா, முக்கால் மணியா என்று இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தேன். இப்போதுதான் உட்கார்ந்தேன் என்கிறாள். அப்படியென்றால் அவளுக்குக் காத்திருந்தது தெரியவே இல்லை என்று சில நாள் நிம்மதியாக இருக்கிறது. சில நாள் விடியற்காலையில் விழித்துக்கொண்டு, அப்படியென்றால் நான் வந்தது இன்னும் அவளுக்குத் தெரியவில்லையா என்று தோன்றிவிடுகிறது. அதற்கப்புறம் படுக்க முடிவதில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.