வைத்தியரம்மா மீது ஒரு விசாரணை

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தபோது, போனில் ஒரு கோட்டைச் சண்டை விளையாட்டில் நான் மூன்று ஆட்களாக இருந்தேன். எங்கள் குழுவில் மொத்தம் ஆறு பேர். வில்லாளி நான். கேடயக்காரனும் நான். காயம்பட்டவர்களுக்கு மருந்து போடும் வைத்தியரம்மாவும் நானே.

முதலில் நண்பர்களைத்தான் சேர்த்தேன். சண்டை நடுவில் ஒருவன் குளிக்கப் போவான், இன்னொருவன் தூங்கிவிடுவான். வெறுத்துப்போய் வீட்டிலிருந்த இரண்டு பழைய போன்களுக்கு உயிர் கொடுத்தேன். மூன்றையும் சப்பாத்திப் பலகையில் வரிசையாக வைத்து, இரண்டு கைகளாலும் மூக்கு நுனியாலும் ஆடினேன். மூக்கு கேடயக்காரனுக்கு.

மற்ற மூவருக்கும் இது தெரியாது. எழுத்தில்தான் பேசிக்கொள்வோம். தலைவர் மதுராந்தகத்தில் நெல் வியாபாரி, விளையாட்டிலும் கண்டிப்பானவர்.

ஒரு சனிக்கிழமை, சண்டை உச்சத்தில் இருக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவதற்குள் மருந்து கிடைக்காமல் வில்லாளி செத்துக் கிடந்தான். கோட்டையும் போயிற்று.

"வைத்தியரம்மா இன்னா பண்ணிகினு இருந்தாங்க? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. எல்லாரும் வாயால பேசணும்" என்று தலைவர் எழுதினார்.

வைத்தியரம்மாவுக்கு ஒரு குரல் வேண்டும். மனைவியிடம் கெஞ்சினேன். "ஒரு தடவ சாரி சொல்லு, போதும்." தலையாட்டினாள்.

மறுநாள் அவள் ஒரு போனோடு சமையலறையில், நான் வில்லாளியாகப் படுக்கையறையில். கேடயக்காரனுக்கு மைக் ரிப்பேர் என்று எழுதிவிட்டேன்.

"ஏம்மா, மருந்து ஏன் போடல?" என்றார் தலைவர்.

"இன்னாத்துக்குண்ணா போடணும்? அந்த வில்லாளி யார் சொன்னாலும் கேக்கமாட்டாரு. அவர் பாட்டுக்குப் போய் அடி வாங்கிகினு வருவாரு. பின்னாடியே ஒருத்தி மருந்து எடுத்துகினு ஓடணுமா?"

நான் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

"அப்டிலாம் இல்ல தலைவரே" என்றேன்.

"பாத்தீங்களா, பேசவே விடமாட்டாரு" என்றாள்.

அப்போது குக்கர் விசில் அடித்தது. அது தலைவர் காதிலும் விழுந்தது.

"இன்னா இது, ரெண்டு பேர் வூட்லயும் ஒண்ணா விசில் வருது?"

"ஞாயித்துக்கிழமைண்ணா. எல்லார் வூட்லயும் கறிதான்."

"அதுவும் சரிதான்."

மற்ற இருவரும் அந்தம்மா பக்கம்தான் நியாயம் என்றார்கள். தலைவர் வில்லாளியைக் குழுவிலிருந்து நீக்கினார். ஒன்றரை வருட உழைப்பு. ஆத்திரத்தில் கேடயக்காரனை விட்டு 'இது அநியாயம்' என்று எழுதவைத்தேன். அவனையும் நீக்கினார்.

சாப்பிடும்போது வைத்தியரம்மாவின் போனைக் கேட்டேன். மனைவி தரவில்லை. "அடுத்த சண்ட எப்போ?" என்றாள்.

ஒரே மாதத்தில் அவள் துணைத்தலைவி ஆனாள். நான் ஈட்டிக்காரனாகப் புதுப் பெயரில் சேர விண்ணப்பித்தேன். மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள் இருவரும் மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது – துணைத்தலைவி.'

நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா இது?" என்றேன்.

"தலைவரு மதுராந்தகத்துல பிஸியா கீறாராம். அவரக் கேக்காம நானா எப்டிங்க சேத்துக்க முடியும்?" என்றாள்.