லாரி இன்ஜினில் மேலூருக்கு

"வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்கு முன் தாம்பூலம் மாற்றியாக வேண்டும். போன தடவை மாதிரி ஆனால் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம் என்கிறார்கள் எங்கள் பங்காளிகள். பஸ்ஸில் வந்தாலும் எங்களுக்குக் குறைவில்லை."

1937 நவம்பர் 4-ஆம் தேதியிட்டு, மேலூரிலிருந்து பெண்ணின் தகப்பனார் எழுதிய கார்டு இது. கடைசி வாக்கியத்தின் கீழ் கோடு போட்டிருந்தார்.

கார்டு வந்தது என் நண்பன் வேலுச்சாமிக்கு. கீழமாசி வீதியில் தானிய மண்டி வைத்திருக்கிறான், மாப்பிள்ளையும் அவன்தான். ஆவணி மாதம் இதே நிச்சயதார்த்தத்துக்குத் தன் பழைய காரில் கிளம்பி, ஒத்தக்கடையில் இன்ஜின் உடைந்து, மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறொருவனாயிருந்தால் காரை விற்றிருப்பான். இவன், ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட ஒரு லாரியின் இன்ஜினை வாங்கி, சிம்மக்கல் பட்டறையொன்றில் கொடுத்து அந்தக் காருக்குள் பொருத்திக்கொண்டான். வண்டி 1924-ஆம் வருஷத்தது. அதன் பெட்ரோல் டாங்கி முன்பு ஆசனத்துக்கு அடியில் இருந்தது. லாரி இன்ஜினின் கார்புரேட்டர் உயரத்தில் இருந்ததால், பெட்ரோல் தானாக இறங்கி வருவதற்காக டாங்கியைத் தூக்கிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். புரட்டாசியில் திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 11, காலை 9-30. கீழமாசி வீதியிலிருந்து நான்கு பேர் புறப்பட்டோம். முன்னால் வேலுவும் நானும். பின்னால் தாம்பூலத் தட்டுடன் அவனுடைய தமக்கை பொன்னம்மாள், பக்கத்தில் அவள் கணவர் சோலைமலை. மேலூர் பதினெட்டு மைல். பஸ்ஸில் போகலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"கோடு போட்டு எழுதியிருக்காரு மாப்ள. இனிமே பஸ்ல போனா நான் மனுசனா?" என்றான் வேலு.

வைகையைக் கடந்து, இடப்புறம் யானைமலை தெரியத் தொடங்கியதும் பொன்னம்மாள் தட்டை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒத்தக்கடையை நல்லபடியாகத் தாண்டினோம். "பாத்தீகளா!" என்று வேலு திரும்பிச் சிரித்தான். அவன் முகம் முன்பக்கம் திரும்புவதற்குள் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

"பெட்ரோல் இருக்காடா?" என்றாள் பொன்னம்மாள்.

"ரொப்பித்தான் கொண்டாந்தேன்."

"தொறந்து பாரேன். வாய் பேசுறதுக்கு மட்டுந்தானா?"

மூடியைத் திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. வெயில் சூடு என்று எண்ணிக்கொண்டேன். வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தால் முக்கால் டாங்கிக்கு மேல் இருந்தது. பிறகு அவன் குழாயைக் கழற்றி வாயால் ஊதி, பெட்ரோலைக் குடித்து, துப்பி, மறுபடி மாட்டினான். முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றியதும் இன்ஜின் உடனே கிளம்பியது. "தூசி" என்றான், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

சிட்டம்பட்டியை நெருங்கும்போது தூசி மறுபடி சேர்ந்துவிட்டது போலும். 11-15. மூடி திறக்கப்பட்டது, உஸ், குச்சி, பெட்ரோல் இருந்தது. இம்முறை சோலைமலையின் முறை. "சூட்டுல குழாய்க்குள்ள எண்ணெய் ஆவியாயிருதுடா. லாரி இன்ஜின் போடுற சூட்டைக் காரு தாங்குமா?" என்று சொல்லித் தம் புதுத் துண்டை வாய்க்காலில் நனைத்துக் குழாயில் சுற்றினார். வண்டி கிளம்பியது. அவர் ஏறி உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் இன்ஜினையே அவர்தான் வார்த்தெடுத்தார் என்று தோன்றும்.

மூன்றாவது இடம் நரசிங்கம்பட்டி. மணி பன்னிரண்டு. எனக்கும் ஒரு சித்தாந்தம் இருந்தது. சாலை இங்கே ஏறுகிறது. டாங்கிக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏற்றத்தில் போதவில்லை என்று ஒரு மோட்டார்ப் புத்தகத்தில் படித்ததை வைத்து விளக்கினேன். குச்சி விட்டுப் பார்த்து முடிந்ததும் மூன்று ஆண்களும் வண்டியைத் தள்ளி, வந்த வழியே இறக்கம் பார்த்துத் திருப்பினோம். கிளம்பியது. பூரித்துப்போனேன். ஆனால் வண்டி இப்போது மதுரையைப் பார்த்து நின்றது.

அதைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மேலூர் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினான்: "அண்ணே, கயிறு இருக்கு! பின்னாடி கட்டிக்கிறீகளா? அம்புட்டுப் பேருக்கும் அரை டிக்கெட்டுத்தான்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. பொன்னம்மாள் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தடியில் வைத்தாள். "இவன் வண்டிக்குச் சீக்கு ஒண்ணுமில்லை. ஊர்க்கண்ணுதேன்."

எலுமிச்சம்பழம் தெற்குத்தெரு வரை தாங்கியது. அங்கே நின்றபோது மணி 12-50. மேலூருக்கு இன்னும் நான்கு மைல் இருக்கும். நடந்தாலும் ஒன்றரைக்குள் போய்ச் சேர முடியாது. அடுத்த பஸ் இரண்டு மணிக்குத்தான் என்றார் சாலையோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்.

"பெட்ரோல் இருக்கா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார் சோலைமலை.

வேலு மூடியைத் திருகினான், கையில் வைத்து ஒரு கணம் பார்த்தான், பிறகு வயலைப் பார்த்து வீசி எறிந்தான். அது வரப்பில் பட்டுத் துள்ளிப் பெரியாற்று வாய்க்காலில் விழுந்தது. நல்ல தண்ணீர் போகிற காலம். ஓடினான்.

"எங்கடா போறே?" என்றாள் பொன்னம்மாள்.

"மூடி..."

"பொண்ணு வேணுமா, மூடி வேணுமா? ஏறுடா வண்டியில!"

தன் முந்தானையில் ஒரு முழம் கிழித்து டாங்கியின் வாயில் போட்டுச் சணல்கயிற்றால் கட்டினாள். வேலு கைப்பிடியைச் சுற்றினான். அந்த நான்கு மைலையும் அந்த வண்டி எப்படி ஓடியது என்று எழுதினால் நம்பமாட்டார்கள். ஒரு முறைகூட இருமவில்லை. மேலூர் வீட்டு வாசலில் நிற்கும்போது என் கடிகாரத்தில் 1-12. பெண்ணின் தகப்பனார் தம் கடிகாரத்தையும் பார்த்து, காரையும் பார்த்து, கிழிந்த முந்தானையையும் பார்த்தார். "வாங்க, வாங்க" என்றார். ஒன்று இருபத்தைந்துக்குத் தாம்பூலம் மாறியது.

சாப்பாட்டுப் பந்தியில் மற்ற மூன்று வைத்தியர்களும் அவரவர் வைத்தியத்தைப் பெண் வீட்டாருக்கு விவரித்தார்கள். நான் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கரைக்குப் புறப்பட்டு மதுரை வரை பதினெட்டு மைலும் நிற்காமல் வந்தோம். அந்த வழியில்தான் எனக்கு அந்த உஸ் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. டாங்கிக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்கு மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். எல்லா வண்டியிலும் இருக்கும். நாங்கள் நான்கு தடவையும் செய்த ஒரே பொதுக்காரியம் மூடியைத் திறந்ததுதான்.

துளை ஏன் அடைபட்டது? டாங்கி ஆசனத்துக்கு அடியில் இருந்தவரை அதை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு முன் வந்ததும் வண்டிக்கு நெற்றி மாதிரி ஆகிவிட்டது. ஆயுதபூஜையன்று பொன்னம்மாள் மூடியின் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதன்மேலேயே. கடைசியாக நான் பார்த்தபோது அரைவிரல் கனம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலுவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"மாப்ள, இதை எங்கக்காகிட்ட நீ சொல்லு. நான் கல்யாணம் பண்ணிக்கப்போறவன்."

நானும் சொல்லவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்தக் கிழிந்த துணிதான் ராசி என்று வேலு இன்றுவரை வேறு மூடி போடவில்லை. மழைக்கு மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக்கொள்கிறான். பட்டறைக்காரரைக் கேட்டேன். பழைய மூடி சேரவில்லை, தகரத்தில் புதிதாக ஒன்று செய்தோம், துளை போட்டிருப்போம், என்றார். போட்டோம் என்று அவர் சொல்லவில்லை. துளையே இல்லையென்றால் திருமங்கலம் போய்வந்தது எப்படி? அன்று எங்காவது மூடியைத் திறந்து பார்த்தோமா என்பது வேலுவுக்கும் எனக்கும் நினைவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு, 1938 ஏப்ரலில், பஸ்ஸில் தெற்குத்தெருவில் இறங்கி அந்த இடத்தில் ஒரு மணி நேரம் சேற்றைக் கிளறினேன். நெல் காயவைத்தவர் வந்து எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் அவரும் கொஞ்சம் தேடினார். மூடி கிடைக்கவில்லை. அதில் துளை இருந்து சந்தனம் அடைத்ததா, அல்லது துளையே இல்லையா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.