மொன்றியல் என்று சொல்லிவிட்டு சால்ஸ்பேர்க் போன கதை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பத்து வருடமாக ஒரு படம் ஒட்டியிருந்தது. பல் வைத்தியர் ஒருவர் தந்த நாட்காட்டியிலிருந்து என் மனைவி சுகந்தி வெட்டியெடுத்தது. ஒரு ஆறு, தேவாலயக் கோபுரங்கள், மேலே குன்றில் வெள்ளைக் கோட்டை. ஒஸ்ரியா நாட்டில் உள்ள சால்ஸ்பேர்க் நகரம். "உந்தக் கோட்டையிலை ஒருக்கா ஏறிப் பாக்கோணும்" என்பாள், பால் எடுக்கும்போதெல்லாம். இந்த மே மாதம் எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். ரொறொன்ரோவில் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து நான்கு நாள் பயணமாக வெளிக்கிட்டோம்.

யாருக்கும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் மூன்று தடவை ஐரோப்பா போயிருக்கிறோம். மூன்று தடவையும் பார்த்தது சொந்தக்காரரின் சாப்பாட்டு மேசைகளைத்தான். பாரிசில் என் சின்னம்மா வீட்டில் ஆறு நாள் நின்று, புகழ்பெற்ற அந்தக் கோபுரத்தைக் கார்க் கண்ணாடியால் பார்த்துவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். இந்த முறை ஜெர்மனியில் மியூனிக்கில் இறங்க வேண்டும். அங்கே சுகந்தியின் பெரியம்மா மகன் குலமண்ணை இருக்கிறார். தெரிந்தால் விடமாட்டார். ஆகவே குடும்ப வாட்ஸப் குழுவில், கனடாவுக்குள்ளேயே இருக்கும் "மொன்றியல் போகிறோம்" என்று போட்டேன். படம் போடுவதில்லை என்றும் முடிவு.

வெள்ளி மாலை 6.10க்கு ரொறொன்ரோவில் ஏறி, சனி காலை 7.50க்கு மியூனிக்கில் இறங்கினோம். தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு நடந்தேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்ற நினைப்பு. விமான நிலையத்திலேயே பவேரியா மாநில நாள் டிக்கெட் எடுத்தோம், இருவருக்கும் 42 யூரோ. அது எல்லை தாண்டி சால்ஸ்பேர்க் வரை செல்லும். வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் பாவிக்கலாம், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. ஒரு இடத்தில் ரயில் மாறி, இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் படத்தில் இருந்ததைவிட அழகு. பூந்தோட்டம், பாலம், பழைய கடைத்தெரு எல்லாம் நடை தூரம். பின்னேரம் ஆற்றின் மறுகரையில் உள்ள குன்றில் இருநூறுக்கு மேற்பட்ட கற்படிகள் ஏறினோம். இறங்கும்போது, ஐந்தரை மணியளவில், சுகந்தியின் கால் பிரண்டது. மருத்துவமனையில் நான்கு மணி நேரம், 210 யூரோ. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருந்தது. ஐந்து நாள் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். எங்களிடம் இருந்ததே இன்னும் இரண்டு நாள்.

ஹோட்டல் யன்னலால் கோட்டை நேரே தெரிந்தது. அதுதான் பெரிய கொடுமை. காலையில் அவள் அதைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் போய் ஏறிப்போட்டு வாங்கோ. வடிவாப் படம் எடுங்கோ, நான் பாக்கிறன்" என்றாள். ஹோட்டலில் சக்கர நாற்காலி இல்லை. வாடகைக்குக் கொடுக்கும் கடை பூட்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் அநேகமாக எல்லாக் கடையும் பூட்டு, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறைக்குள் பத்து நிமிடம் நின்றேன். பிறகு வெட்கத்தை விழுங்கி குலமண்ணைக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த ஹோட்டல்?" என்று மட்டும் கேட்டார். அப்போது 7.10.

மியூனிக்கிலிருந்து 145 கிலோமீற்றர். 10.05க்குக் கதவில் தட்டினார். ஒரு கையில் இடியப்பமும் சொதியும் கட்டிய பை, மறுகையில் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரவல் வாங்கிய சக்கர நாற்காலி.

"மொன்றியலிலை குளிர் எப்பிடி மச்சான்?" என்றார். அவ்வளவுதான் அவர் ஏசியது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள்.

கோட்டைக்கு ஏறும் சிறிய மலை ரயிலடிக்கு நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். டிக்கெட் யன்னலுக்கு முன்னால் நாற்காலியை என்னிடம் தந்துவிட்டு, "சரி, ரெண்டுபேரும் போட்டு வாங்கோ. நான் கீழை நிக்கிறன்" என்றார்.

"ஏன் அண்ணை, நீங்கள் எத்தினை தரமெண்டு பாக்கிறது, அலுத்துப் போச்சோ?" என்று கேட்டாள் சுகந்தி.

"இஞ்சை பதினைஞ்சு, இருவது தரம் வந்திருப்பன் பிள்ளை. லண்டன் ஆக்கள், கனடா ஆக்கள், ஊரிலையிருந்து வந்த ஆக்கள். எல்லாரையும் ஏத்தி அனுப்பிப்போட்டுக் கீழை நிப்பன். மேலை போகேல்லை."

"ஒருக்காலுமோ?"

"ஆர் கூப்பிட்டது?" என்று சாதாரணமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

மூன்று டிக்கெட் எடுத்தேன். தலைக்கு 18 யூரோ. ரயிலில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. மேலே கல் பாவிய ஏற்றம், தள்ளுபவருக்கு நல்ல மூச்சு வேண்டும், நானும் அவரும் மாறி மாறித் தள்ளினோம். சுவரோரம் போனதும் சுகந்தி இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பத்து வருடப் படத்தை அவள் உள்ளிருந்து பார்த்தாள். குலமண்ணை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்காலை தெரியிறது ஜெர்மனி. அகதியா வந்த புதுசிலை எங்களுக்கு மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது. பிறகு வேலை. பிறகு விருந்தாளியள்" என்றார். பிறகு தன் தொலைபேசியை என்னிடம் நீட்டி, "என்னையும் ஒண்டு எடும். எப்பவும் நான்தானே எடுக்கிறது" என்றார்.

ஃபிரிட்ஜில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்று, தலைமுடியை ஒழுங்காகச் சீவி, சற்றுக் கூச்சமாகச் சிரிக்கும் அறுபது வயது மனிதர். அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

நீங்களும் போக நினைத்தால்: மே மாதம் நல்லது. நல்ல சப்பாத்து போடுங்கள், பயணக் காப்புறுதி இல்லாமல் வெளிக்கிடாதீர்கள், எங்களுக்கு 210 யூரோவும் திரும்பி வந்தது. சொந்தக்காரருக்குச் சொல்லுங்கள். அவர்களின் டிக்கெட்டையும் சேர்த்து எடுங்கள்.

ரொறொன்ரோ வந்த மறுநாள் பாரிசுக்குச் சின்னம்மாவுக்கு எடுத்து, கோபுரத்தில் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடமாக அந்த நகரத்தில் இருக்கிறார், அந்த வீட்டில் சாப்பிடாத எங்கள் ஆட்கள் இல்லை.

"இல்லை மோனே," என்றார். பிறகு, "ஏன், கூட்டிக்கொண்டு போகப் போறியோ?"