வரிப் படிவத்தில் அப்பாவின் கட்டம்

இந்த வருடம் ஏஜெண்ட் இல்லாமல் வருமான வரிக் கணக்கை நானே ஆன்லைனில் தாக்கல் செய்ய இன்று காலை உட்கார்ந்தேன்.

சம்பளம், வட்டி எல்லாம் சுலபமாக முடிந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பக்கம் வந்ததும், பெற்றோரில் யாராவது மூத்த குடிமக்களா என்று கேட்டது.

அப்பாவுக்கு நான்தான் பிரீமியம் கட்டிவந்தேன். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், அந்த வருடப் பிரீமியத்தைக் கட்டும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

ஆம், இல்லை, பெற்றோருக்காகக் கோரவில்லை. இந்த மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்னட்டி, சைட்டு நின்னுட்டா?"

"இல்ல. அப்பாவுக்கு ஒண்ணும் கட்டலைன்னு நானே போடணுமாம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவதை அழுத்தினேன்.

தாக்கல் முடிந்தது. முதன்முதலாக நானே செய்திருக்கிறேன். அப்பா இருந்தால் அவருக்குத்தான் முதல் போன் போயிருக்கும்.

இப்போது உங்களிடம் சொல்கிறேன். யாராவது "பரவாயில்லட்டி, நீயே போட்டுட்டியே" என்று சொல்லுங்களேன்.